மயக்கம் தெளியாத சூப்பர்வைசர்

என் ஓரகத்தியைக் கம்பெனியில் எல்லோரும் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சட்டம் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடப் படிப்பையே பாதியில் விட்டவள். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அது ஏன் அப்படி?" என்று கேட்பாள். பதில் மழுப்பலாக வந்தால் அதே கேள்வியைக் குரல் உயர்த்தாமல், ஒரு சொல் மாறாமல் திரும்பவும் கேட்பாள். எதிரே நிற்பவர்தான் கடைசியில் கத்துவார். கத்தியதற்காக அவரே மன்னிப்பும் கேட்பார். அப்படி வந்த பெயர் அது.

எங்கள் வீட்டில் மாடியில் அவர்கள் குடும்பம், கீழே நாங்கள். அவள் பெரியவரின் மனைவி, நான் தம்பியின் மனைவி. நாங்கள் இருவரும் அக்கா தங்கை மாதிரி இருந்தோம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். துணி காயப்போடும் கொடியில் யாருடையது எந்தப் பக்கம் என்று ஒரு சண்டை. தண்ணீர் மோட்டாரை யார் போட்டது, யார் நிறுத்த மறந்தது என்று ஒரு சண்டை. என் பிள்ளைகள் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து "பெரியம்மா சமையல்தான் நல்லா இருக்கு" என்று சொல்வது தனி வயிற்றெரிச்சல். அவளை எனக்குப் பிடிக்காது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய சண்டைக்கு ஒரு முறை உண்டு. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும், தெருவே எட்டிப் பார்க்கும். அவள் அப்படியில்லை. இருந்த இடத்தில் இருப்பாள், நகரமாட்டாள். ஒருமுறை நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். டிரைவர் எங்கள் நிறுத்தத்தில் நிறுத்தாமல் அடுத்ததில் போய் நிறுத்தினார். கண்டக்டர் "கொஞ்ச தூரம்தான், இறங்கி நடந்து போங்கம்மா" என்றார். நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு இறங்கிவிட்டேன். அவள் இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே கடைசி நிறுத்தம் வரை போய், பஸ் திரும்பும்போது அதே இருக்கையில் திரும்பி வந்து, எங்கள் நிறுத்தத்தில் இறங்கினாள். நான் சமையலை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அவள் சாவகாசமாக நடந்து வந்தாள். "இந்தப் பிடிவாதத்தால உனக்கு என்ன கெடைச்சது?" என்று கேட்டேன். "எறங்க வேண்டிய எடத்துல எறங்கினேன்" என்றாள்.

நாங்கள் வேலை செய்வது ஷூ கம்பெனியில். அவள் நூல் வெட்டும் வேலையில் சேர்ந்தாள். பிறகு தையல் மெஷின், பிறகு ஒரு வரிசைக்குப் பொறுப்பு, அதன் பிறகு சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் நீல நிறக் கோட்டு. அந்தக் கோட்டுப் போட்ட பெண்கள் அங்கே மிகக் குறைவு. அது கிடைத்த அன்று அவள் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனால் கொடியில் அந்தக் கோட்டை என் பக்கத்தில்தான் காயப்போட்டாள், நான் பார்க்க வேண்டும் என்று. பார்த்தேன், எரிந்தேன். அது உண்மை.

நான் வேலை செய்வது பசை ரூமில். ஷூவின் மேல்பாகமும் அடிப்பாகமும் தனித்தனியாக எங்களிடம் வரும். இரண்டிலும் பசை தடவி, சூட்டுப் பெட்டிக்குள் அனுப்பி, வெளியே வந்ததும் ஒட்டி அழுத்துவோம். அந்தப் பசை டப்பாவின் மேல் நெருப்புப் படம் போட்டிருக்கும். வாசனை தலைக்கு ஏறும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டில் அந்த வாசனைதான் வரும். அந்த ரூமுக்கு இரண்டு வாசல். ஒன்று தையல் ஹாலிலிருந்து நாங்கள் நுழைவது. சூட்டுப் பெட்டி அந்த வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. இன்னொன்று பின்பக்கம், நேராகக் கம்பெனி முற்றத்துக்குப் போவது. நெருப்பு என்று ஒன்று வந்தால் அது சூட்டுப் பெட்டியில்தான் வரும். அப்போது எங்களுக்குப் பின்கதவை விட்டால் வேறு வழி கிடையாது.

அந்தப் பின்கதவைத்தான் பார்க்க முடியாது. ஏதோ ஒரு அவசர ஆர்டரின்போது, லாரி வரும்வரை இங்கே இருக்கட்டும் என்று பேக்கிங் பெட்டிகளைக் கதவின் முன்னால் அடுக்கினார்கள். லாரி வந்தது, பெட்டிகள் போயின, வேறு பெட்டிகள் வந்தன. கதவு மறைந்து பெட்டிகளே சுவராகிவிட்டன. நாங்களும் சும்மா இருந்தோமா என்றால், இல்லை, அந்தச் சுவருக்கு எங்களால் ஆன மரியாதையைச் செய்தோம். பெட்டிகளின் பட்டையில் கொக்கி மாட்டிச் சாப்பாட்டுப் பைகளைத் தொங்கவிட்டோம். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டி வைத்தோம். மதியம் சாய்ந்துகொள்ள நல்ல இடம் அது. மேலே 'வெளியே செல்லும் வழி' என்ற பச்சை விளக்கு மட்டும் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து எரிந்துகொண்டே இருக்கும். சுவரில் மாட்டிய வரைபடத்திலும் ஒரு பச்சை அம்புக்குறி நேராக அந்தப் பெட்டிகளுக்குள் போகும்.

வக்கீல் சூப்பர்வைசரான நாளிலிருந்து அதைக் கேட்க ஆரம்பித்தாள். பசை ரூம் அவள் பொறுப்பு இல்லை. ஆனாலும் மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம், "சார், பசை ரூம் பின்கதவு முன்னால பெட்டி இருக்கே, அது ஏன்?" என்பாள். "பார்த்துடலாம்மா" என்பார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். மேனேஜர் அவளைக் கண்டால் போன் பேசுவதுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். கையில் போன் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பாதுகாப்பு டிரெயினிங் வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மாடி அறையில் ஏசி போட்டு, பிஸ்கட் வைத்து, வெளியிலிருந்து ஒரு டிரெய்னரை வரவழைத்தார்கள். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. நல்லவர் என்றுதான் வக்கீல் சொன்னாள். ஆனால் கேட்கிறவர்கள்? ஒருவர் தூங்கினார், ஒருவர் போனில் விளையாடினார், மேனேஜர் போட்டோ எடுக்கும்போது மட்டும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். சுத்தக் கண்துடைப்பு. அவள் ஒருத்திதான் கேள்வி மேல் கேள்வி கேட்டாளாம். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி அந்தப் பின்கதவில் வந்து நிற்குமாம்.

கடைசி நாள் ஒரு டிரில். பசை ரூமில் நெருப்புப் பிடித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் புகையில் மயங்கி விழுந்து கிடக்க வேண்டும். சூப்பர்வைசர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே எல்லோரையும் நிற்கவைத்துத் தலை எண்ணி, ஒருவரும் உள்ளே இல்லை என்று உறுதியான பிறகுதான் டிரில் முடியும். தொழிலாளிகள் முன்னால் தரையில் விழுந்து கிடக்க எந்த ஆம்பிளைச் சூப்பர்வைசருக்கும் மனசு வரவில்லை. கௌரவம் தடுத்தது. மேனேஜர்தான் யோசனை சொன்னார்.

"நம்ம வக்கீலம்மாவை மயக்கம் போட வச்சிடலாம். கொஞ்ச நேரமாவது பேசாம இருப்பாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளாம். பிறகு டிரெய்னரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "சார், மயங்கினவ எப்ப எழுந்திருக்கலாம்?" அவர் சொன்னார்: "வெளிய கொண்டு போய், தலை எண்ணி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதும்மா. நடுவுல எழுந்துட்டா அது டிரில்லே இல்ல." அவ்வளவுதான். என்னை மாதிரி அவளைத் தெரிந்த யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் அப்போதே ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஒளித்து வைத்திருப்பார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் வேலையில் உட்கார்ந்த நேரம். மணி அடித்தது. சூட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னார்கள். நீலக் கோட்டுக்காரர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள், பின்னால் மேனேஜர், டிரெய்னர், போட்டோ எடுக்க ஒருவர். டிரெய்னர் விளக்கமாகச் சொன்னார்: நெருப்பு சூட்டுப் பெட்டியில், அதனால் முன்வாசல் கிடையாது, பின்வாசல் வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும். வக்கீல் ரூமின் நடுவில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு, தரையைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டு, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மானம் போனது. என் பக்கத்தில் இருந்தவள், "உன் ஓரகத்தி தூங்க வந்துட்டா, போர்வை குடு" என்று கிள்ளினாள்.

நாலு சூப்பர்வைசர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். தூக்கினார்கள். பின்பக்கம் திரும்பினார்கள். எதிரே பெட்டிகள், பெட்டிகளில் எங்கள் சாப்பாட்டுப் பைகள். நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கை வலித்ததால் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தார்கள்.

மேனேஜர் கையைத் தட்டினார். "சரி சரி, கதவு தொறந்திருக்குன்னு நெனச்சுக்கோங்க. வெளிய போயாச்சுன்னு நெனச்சுக்கோங்க. எல்லாரும் முன்வாசல் வழியா முற்றத்துக்கு வாங்க, அங்க ஒரு போட்டோ. நீங்க எழுந்து நடந்து வந்துடுங்கம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"அம்மா, எழுந்திரிங்க. முடிஞ்சிடுச்சு."

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்: "சார், நான் மயக்கத்துல இருக்கேன். மயக்கத்துல இருக்கிறவ எதையும் நெனச்சுக்க மாட்டா."

"மயக்கத்துல இருக்கிறவ பேசுவாளா?" என்று மேனேஜர் மடக்கினார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

அதுதான் அவர் செய்த தப்பு. அவள் வாயை மூடினாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வாய்க்கு வாய் பேசி எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடலாம். பேசாதவளை என்ன செய்வது? மிரட்டினார். கெஞ்சினார். "லாரி காத்துக்கிட்டிருக்கு, சாயங்காலம் லோடு போகணும்" என்றார். அவளுடைய மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

மேனேஜர் டிரெய்னரிடம் போனார். "சார், டிரில் முடிஞ்சதுன்னு நீங்க சொல்லிடுங்க. மெஷினைப் போடணும்." அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அடுத்த டிரெயினிங் தருவதும் தராததும் இந்த மேனேஜர் கையில்தான். திரும்ப மாட்டிக்கொண்டு, அதே மெதுவான குரலில் சொன்னார்: "முடியலையே சார். மயங்கினவங்க இன்னும் உள்ளதான இருக்காங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து என்னைப் பிடித்தார். "நீங்கதான அவங்க வீட்டுல? சொல்லுங்க." நான் போய் அவள் காதருகே குனிந்தேன். "அக்கா, போதும்க்கா. கோட்டு போயிடும். எழுந்திரு." எனக்கு ஒரு ரகசியம் தெரியும். உள்ளங்காலில் கை வைத்தால் அவளுக்கு அப்படிக் கூசும், வீட்டில் பிள்ளைகள் அதை வைத்தே அவளைப் படாதபாடு படுத்துவார்கள். நான் மெதுவாக அவள் உள்ளங்காலைச் சுரண்டினேன். கால் கட்டைவிரல் மடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அசையவில்லை. அந்தக் காலைப் பிடித்தபடியே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. விளையாட்டில்லை இது, வேண்டுமென்றேதான் செய்கிறாள், எதைப் பணயம் வைக்கிறாள் என்று தெரிந்தே செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து அவள் புருஷனைக் கூட்டிவந்தார்கள். பேக்கிங்கில் வண்டி தள்ளுகிறவர் அவர். அந்தப் பெட்டிகளை அங்கே அடுக்கியதும் அவர் கைதான். பேச்சே வராத மனிதர். வீட்டில் அவர் குரலைக் கேட்க வேண்டுமென்றால் தும்மல் வர வேண்டும். உள்ளே வந்து, படுத்திருந்த மனைவியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாவை எழுந்திருக்கச் சொல்லுங்க."

"வீட்டுலயே நான் சொல்லி எழுந்ததில்ல சார்."

ரூமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேராகப் பெட்டிகளிடம் போனார். கொக்கியிலிருந்து எங்கள் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கவனமாக மேஜை மேல் வைத்தார். பிறகு எக்கி, மேலே இருந்த பெட்டியை இறக்கினார்.

"யோவ், என்ன பண்றீங்க?"

"வழி விடுறேன் சார். நாலு பேர் தூக்கிட்டுப் போகணும்ல."

இரண்டாவது பெட்டியை இறக்கும்போது என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போய் ஒரு முனையைப் பிடித்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு யார் யார் என்று தெரியவில்லை, ரூம் முழுக்க வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். மேனேஜர் நடுவில் நின்று "மெதுவா, மெதுவா, சரக்கு நசுங்கிடப்போகுது" என்று கத்திக்கொண்டிருந்தார். கதவு தெரிந்தது. தூசி, ஒட்டடை, எப்போதோ தொலைந்துபோன என் டிபன் டப்பா மூடி. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. பசை சுரண்டும் கத்தியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி இழுத்தேன். வந்துவிட்டது. தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினேன்.

கதவு திறக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். ஆடியது, திறக்கவில்லை. முற்றத்துப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வாட்ச்மேன் சொன்னார்: "வெளிய பூட்டியிருக்கு. இந்தாப் பெரிய பூட்டு." சாவி அவரிடம் இல்லை. ஸ்டோரில் இல்லை. மேனேஜர் அறையில் இல்லை. யார் பூட்டியது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஷூ திருடு போகிறது என்று யாரோ எப்போதோ போட்டது.

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி, பெட்டியை எடுத்தாச்சுல்ல, அதுவே பெரிய விஷயம். சாவியை நாளைக்குத் தேடிக்கலாம். இப்ப எழுந்திருக்கச் சொல்லுங்க."

இத்தனை காலம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? ஏதாவது ஆனால் பெட்டிகளைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாம் என்று. பெட்டிக்குப் பின்னால் கதவு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நெருப்புப் படம் போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளைத் தள்ளியிருந்தால் இந்தப் பூட்டின் முன்னால் வந்து நின்றிருப்போம். அத்தனை பேரும், ஒருத்தி மேல் ஒருத்தியாக.

"நாளைக்கா?" என்று கத்தினேன். வீட்டில் பாத்திரம் பறக்கும்போது வரும் குரல் அது. "நாளைக்குன்னா என்ன சார்? இன்னிக்கு நான் எந்த வழியா ஓடுறது? நீங்க வெளிய பூட்டி வச்சுட்டு உள்ள பச்சை லைட்டு போட்டிருக்கீங்களே, யாரை ஏமாத்த? அவ எழுந்திருக்க மாட்டா. அவளே எழுந்தாலும் நான் எழுந்திருக்க விடமாட்டேன்!"

மேனேஜர் என்னைப் பார்த்தார், எங்கள் எல்லோரையும் பார்த்தார். யாரும் மேஜைக்குத் திரும்பவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. "கட்டிங் மெஷின் கொண்டு வாங்கப்பா, பூட்டை அறுத்துடலாம்" என்றார்.

"வேண்டாம்!" என்று டிரெய்னர் அலறினார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "உள்ள பசை இருக்கு சார்! தீப்பொறி பறக்கும்!"

மேனேஜர் ஒரு அடி பின்னால் போனார். டிரில்லுக்காக வைத்துக்கொண்ட நெருப்பை நிஜமாகவே வைத்திருப்பார். கடைசியில் அவள் புருஷன்தான் முற்றத்துப் பக்கம் போய், கடப்பாரையை நுழைத்து நெம்பினார். பூட்டு அப்படியே இருந்தது, அது மாட்டியிருந்த கொக்கி சுவரோடு பெயர்ந்து வந்தது. கதவு திறந்தது. வெயில் உள்ளே வந்தது, கூடவே காற்றும். அந்த ரூமுக்குள் அப்படி ஒரு காற்று வரும் என்றே எங்களுக்குத் தெரியாது. மேஜை மேல் இருந்த தாளெல்லாம் பறந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்க மூன்று சூப்பர்வைசர்கள்தான் இருந்தார்கள், நாலாவது ஆள் எங்கேயோ நழுவிவிட்டார். டிரெய்னர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஒரு முனையைத் தூக்கினார். எங்கள் வக்கீல் நல்ல கனம், அதையும் சொல்லிவிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் நடந்தார், பின்னால் நாங்கள் எல்லோரும் நடந்தோம், அந்தக் கதவு வழியாக, முதல் முறையாக.

முற்றத்தில் தலை எண்ணினார்கள். தையல் ஹால் சரி, பேக்கிங் சரி. பசை ரூம் என்று கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். நான் கை தூக்கும்போது பார்த்தேன், அவள் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எண்ணிக்கை சரியாக வந்தது. டிரெய்னர் குனிந்து, "எல்லாரும் வந்துட்டாங்கம்மா" என்றார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"என் செருப்பு உள்ள இருக்கு. யாராவது எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நாலைந்து பேர் ஓடினோம்.

அன்றைக்கு வீட்டில் நான் அவளை விடவில்லை. "உனக்கெதுக்குக்கா இந்த வேண்டாத வேலை? அது உன் ரூமா? உன் தலையெழுத்தா? கோட்டைப் புடுங்கப் போறாங்க பாரு" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். அவள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள், அவள் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகளுக்கும்.

"நீ உள்ள மாட்டிக்கிட்டு செத்துக்கித்துப் போனா, இதுங்களுக்கும் தெனம் நான்தான் சமைக்கணும். என்னால ஆகாதும்மா" என்றாள்.

நான் கீழே இறங்கி வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்கக் கூடாதே என்றுதான் குழாய்.

கோட்டைப் பிடுங்கத்தான் செய்தார்கள். டிரெயினிங்கில் ஒத்துழைக்கவில்லை, வேலையை நிறுத்தினார், நிர்வாகத்தை அவமதித்தார் என்று ஏதேதோ சொன்னார்கள். அவள் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் போட்டு மடித்துக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். "அது ஏன் அப்படின்னு கேட்டியா?" என்றேன். "கேட்டேன். தெரியாதாம்" என்றாள். மறுபடியும் தையலுக்குப் போகச் சொன்னார்கள். பசை ரூமுக்குப் போகிறேன் என்றாள். அந்த ரூமுக்கு யாரும் தானாகக் கேட்டு வருவதில்லை, அதனால் உடனே சரி என்றார்கள். தொலைந்தது சனியன் என்று நினைத்திருப்பார்கள். அவள் வந்து பின்கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கதவைத் திறந்தே வைத்தாள். எங்கள் தலைவலி பாதி குறைந்தது. அவளுக்கும் எனக்கும் சண்டை மட்டும் குறையவில்லை, வீட்டில் போட்டது போதாதென்று இப்போது வேலையிலும் போட்டோம்.

வேலை அப்படியே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கம்பெனி முழுக்கப் பெட்டி, நடக்க இடமில்லை. ஒரு நாள் மதியம் புதுச் சூப்பர்வைசர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பசை ரூமுக்குள் வந்தார். நீலக் கோட்டு இன்னும் மொடமொடவென்று இருந்தது. நேராகப் பின்கதவுக்குப் போய், திறந்திருந்த கதவைச் சாத்தினார், அதன் முன்னால் ஒரு பெட்டியை வைத்தார். அதன் மேல் இன்னொன்று.

"லாரி வர்ற வரைக்கும்தான். கொஞ்ச நேரம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

ரூமில் எல்லோருடைய தூரிகையும் நின்றது. வக்கீல் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள். பசையைத் துணியில் துடைத்தாள். செருப்பைக் கழற்றுவதற்காகக் குனிந்தாள்.

அவளுக்கு வயதாகிவிட்டது, குனிந்து நிமிர நேரம் எடுக்கிறது. அதற்குள் நான் எழுந்துவிட்டேன். கை துடைக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. அந்த ஆளுக்கும் வண்டிக்கும் நடுவில் போய், தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, என்னம்மா இது?" என்று அவர் பதறுவது கேட்டது. நான் பேசவில்லை. மயக்கத்தில் இருக்கிறவள் பேசக் கூடாது. மேஜைகள் நகரும் சத்தம் கேட்டது, செருப்புகள் கழன்று விழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. பிறகு என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"கொஞ்சம் தள்ளிப் படுடீ" என்றாள் என் ஓரகத்தி. "எங்க போனாலும் எடத்தை அடைச்சுக்கிட்டு."